"மைட் ஹாவ் டு புட் இட் ஆஃப்" என்று கெஸ்ட் எழுதினால் புக்கிங் இருக்கிறதா, போய்விட்டதா?

ஏற்காடு_டெஸ்க் கேட்டது:

வணக்கம் மக்களே. ஏற்காடு ஏரிக்குக் கொஞ்சம் மேலே ஒரு ஹோம்ஸ்டேயில் புக்கிங் பார்ப்பது, வாட்ஸ்அப்பில் பதில் போடுவது, டிரைவருக்குத் தகவல் சொல்வது எல்லாம் என் வேலை. சேலம், ஈரோடு ஆட்கள் வந்தால் தமிழிலேயே முடிந்துவிடும். பெங்களூரு ஐடி கூட்டமும் எப்போதாவது வருகிற வெளிநாட்டுக்காரர்களும் எழுதுகிற இங்கிலீஷில்தான் மாட்டிக்கொள்கிறோம். கடினமான சொல் ஒன்றுகூட இருக்காது, எல்லாமே ஆறாம் வகுப்பில் படித்த சொற்கள்தான், ஆனால் அவை வரிசையாகச் சேர்ந்து வந்தால் என்ன சொல்கிறார்கள் என்று எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் ஆகிறது.

உதாரணத்துக்கு "வீ மைட் ஹாவ் டு புட் இட் ஆஃப்" என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார். ஓனர் "கேன்சல்தான், ரூமை அடுத்த ஆளுக்குக் கொடு" என்கிறார். நான் இன்னும் கொடுக்கவில்லை.

இன்னொருவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அனுப்பியது: "யூ குட் ஹாவ் டிராப்ட் அஸ் ஆஃப் அட் த பஸ் ஸ்டாண்ட்." டிரைவர் அண்ணன் "அதுக்கென்ன, அடுத்த தடவை விட்டுட்டாப் போச்சு" என்று சிரிக்கிறார். எனக்கென்னவோ அதில் கோபம் இருக்கிற மாதிரித் தெரிகிறது. (இந்தக் 'குட்' கேனுக்குச் சொந்தக்காரக் குட், குட் மார்னிங்கில் வருவது அல்ல. தமிழில் எழுதினால் இந்தத் தொல்லை.)

அப்புறம் இது: "வீ மஸ்ட் ஹாவ் லெஃப்ட் த சார்ஜர் பிஹைண்ட்." மஸ்ட் என்றால் கட்டாயம் என்றுதானே படித்தோம்? கட்டாயமாக சார்ஜரை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று யாராவது எழுதுவார்களா?

கேன், குட், மே, மைட் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். புட் ஆஃப், டிராப் ஆஃப் மாதிரி ஃபிரேசல் வெர்ப் பட்டியலும் மனப்பாடம். இரண்டும் ஒன்றாக வரும்போது தனியாக ஏதாவது விதி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐந்துரோடு_நைட்ஷிஃப்ட்:

முதலில் ரூமைக் கொடுத்துவிடாதீர்கள். புட் ஆஃப் என்றால் தேதியைத் தள்ளிவைப்பது. வரவே போவதில்லை என்றால் கால் ஆஃப் என்றோ கேன்சல் என்றோ எழுதியிருப்பார். அதிலும் மைட் போட்டிருக்கிறார், அதாவது தள்ளிவைப்பதைக்கூட இன்னும் முடிவு செய்யவில்லை. "ஷல் வீ ஹோல்ட் த ரூம் டில் டுமாரோ?" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு ஓனரிடம் பதிலைக் காட்டுங்கள்.

மற்றதற்கு நம் டீச்சர் வருவார்.

அம்மாப்பேட்டை_டீச்சர்:

வந்துவிட்டேன். தம்பி, விதி என்று பார்த்தால் அது ரொம்பச் சின்னது, அதைத் தாண்டிய பழக்கம்தான் பெரியது.

மோடல் என்கிற துணைவினைகள் மொத்தம் ஒன்பது: கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷல், ஷுட், வில், வுட். இவற்றின் பின்னால் எந்த வினை வந்தாலும் மொட்டையாகத்தான் நிற்க வேண்டும், நடுவில் டு வராது, கடைசியில் எஸ்ஸும் வராது ஐஎன்ஜியும் வராது. ஃபிரேசல் வெர்ப்பும் ஒரு வினைதான், பின்னால் ஆஃப், அப், அவுட் என்று ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. நான் வகுப்பில் அதை வால் என்று சொல்வேன். "ஷி செட்ஸ் ஆஃப் அட் சிக்ஸ்" (ஆறு மணிக்குக் கிளம்புகிறாள்) என்பது வில் சேர்ந்தால் "ஷி வில் செட் ஆஃப் அட் சிக்ஸ்" ஆகிவிடும். கேள்வி கேட்டாலும் மறுத்தாலும் ஆடுவது மோடல் மட்டும்தான்: "கேன் யூ பிக் அஸ் அப்?", "ஹி கான்ட் பிக் அஸ் அப்." வினையும் வாலும் இருந்த இடத்தில் இருக்கும். இதைப் புரிந்துகொண்டால் பட்டியல் மனப்பாடம் செய்கிற வேலையில் பாதி குறைந்துவிடும்.

இப்போது உங்கள் முதல் மெசேஜுக்கு வருகிறேன். அங்கே மைட் இருக்கிறது, ஹாவ் டு எதற்கு வந்தது? "தள்ளிவைக்க வேண்டும்" என்பதற்கு மஸ்ட் போடலாம், ஆனால் "மைட் மஸ்ட்" என்று இரண்டு மோடலை அடுத்தடுத்து வைக்க இங்கிலீஷில் இடமில்லை. அதனால் மஸ்ட்டுக்குப் பதில் ஹாவ் டு வந்து உட்காருகிறது. இதே காரணத்தால்தான் "வில் கேன்" தப்பு, "வில் பி ஏபிள் டு" சரி. நம் ஊர்ப் பக்கம் எல்லோரும் சொல்கிற "ஐ கேன் ஏபிள் டு" எங்கேயும் செல்லாது, கேன் என்றாலே ஏபிள் டு உள்ளே இருக்கிறது.

இதைத் தமிழ்க்காரர்களுக்கு விளக்க ஒரு சுலப வழி உண்டு. "ஒத்திப்போட வேண்டியிருக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். அதைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படித்தால் லாம் என்பது மைட், வேண்டியிரு என்பது ஹாவ் டு, ஒத்திப்போடு என்பது புட் ஆஃப். நாம் வினையின் முதுகில் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போகிறோம், அவர்கள் முன்னாலேயே எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுக் கடைசியில் வினைக்கு வருகிறார்கள். வரிசை தலைகீழ், சரக்கு ஒன்றுதான். நீண்ட வாக்கியம் வந்தால் வாலைப் பிடித்துக்கொண்டு இடதுபக்கமாக நடந்து வாருங்கள், தமிழ் தானாக வந்துவிடும்.

இரண்டாவது மெசேஜில் கோபம் இருக்கிறது, உங்கள் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. "குட் ஹாவ் டிராப்ட் அஸ் ஆஃப்" என்றால் உங்களால் முடிந்திருக்கும், ஆனால் செய்யவில்லை என்று பொருள். நடந்து முடிந்த விஷயத்தைப் பற்றி மோடல் போட்டுப் பேச வேண்டும் என்றால் நடுவில் ஹாவ் வரும், வினை மூன்றாம் வடிவத்துக்குப் போகும், வாலுக்கு ஒன்றும் ஆகாது. டிரைவர் அண்ணன் தடுமாறியதிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் தமிழில் "இறக்கி விட்டிருக்கலாம்" என்ற ஒரே சொல்லில் மனத்தாங்கலும் அடங்கும், "ஒருவேளை இறக்கி விட்டிருப்பார்" என்ற ஊகமும் அடங்கும். இங்கிலீஷில் ஊகம் மட்டும் என்றால் பெரும்பாலும் மே ஹாவ் அல்லது மைட் ஹாவ். குட் ஹாவ் இரண்டு பக்கமும் போகும்தான், ஆனால் "யூ" என்று உங்களைப் பார்த்து, நீங்கள் செய்யாத ஒன்றைச் சொன்னால் அது மனத்தாங்கலே. அவர் இன்னும் சூடாக இருந்திருந்தால் "யூ ஷுட் ஹாவ் டிராப்ட் அஸ் ஆஃப்" என்று எழுதியிருப்பார். ஒரு சாரி அனுப்பிவிடுங்கள்.

சார்ஜர் விஷயத்தில் மஸ்ட் ஹாவ் என்பது கட்டாயம் அல்ல, நிச்சயமான ஊகம். "அங்கேதான் விட்டுவிட்டு வந்திருப்போம் போல" என்கிறார். போய்த் தேடிப் பாருங்கள். உண்மையிலேயே கட்டாயத்தைச் சொல்ல வேண்டும், அதுவும் நேற்றைய கட்டாயம் என்றால் மஸ்ட் உதவாது, ஹேட் டு வேண்டும். "வீ ஹேட் டு கால் இட் ஆஃப்" என்றால் வேறு வழியில்லாமல் ரத்து செய்தோம். "தே மஸ்ட் ஹாவ் கால்ட் இட் ஆஃப்" என்றால் ரத்து செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. பத்தாம் வகுப்பில் மஸ்ட் என்றால் கட்டாயம் என்று ஒரே அர்த்தத்தை மட்டும் எழுதிப் போட்டு அனுப்புகிற வழக்கத்தை எப்போது நிறுத்துவார்களோ தெரியவில்லை.

ஏற்காடு_டெஸ்க்:

டீச்சர், கும்பிடு போடலாம் போலிருக்கிறது. கட்டிலுக்கு அடியில் சார்ஜர் கிடைத்துவிட்டது. புட் ஆஃப் போட்டவர் ரூமை வைத்திருக்கச் சொல்லிவிட்டார், ஓனர் வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு சந்தேகம். ஜங்ஷனில் இறங்குகிறவர்களுக்கு நாங்கள் எப்போதும் "அவர் டிரைவர் வுட் பிக் அப் யூ அட் சேலம் ஜங்ஷன்" என்று ஒரே மெசேஜை அனுப்புகிறோம். ஒரு பெங்களூரு அக்கா அதைப் பார்த்துவிட்டு ஸ்மைலி போட்டார். அதில் என்ன சிரிப்பு?

ஐந்துரோடு_நைட்ஷிஃப்ட்:

பிக் அப் யூ. யூ, மீ, ஹிம், ஹெர், இட், அஸ், தெம் இந்த மாதிரிக் குட்டிச் சொற்கள் வினைக்கும் வாலுக்கும் நடுவில்தான் வர வேண்டும்: பிக் யூ அப், டிராப் தெம் ஆஃப், டர்ன் இட் டவுன். பெயர்ச்சொல் என்றால் உங்கள் இஷ்டம், "டிராப் ஆஃப் த பேக்ஸ்" என்றாலும் சரி "டிராப் த பேக்ஸ் ஆஃப்" என்றாலும் சரி. முன்னால் எந்த மோடல் இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை.

ஆனால் எல்லா ஃபிரேசல் வெர்ப்பையும் பிரித்துவிட முடியாது. "லுக் ஆஃப்டர் தெம்" பிரியாது. "ரன் இன்ட்டூ ஹிம்" பிரியாது. வாலைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, டிராப் ஆஃப், கெட் ஆஃப் இரண்டிலும் அதே ஆஃப்தான், "டிராப் யூ ஆஃப்" சரி, ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்குவதைச் சொல்லும்போது "கெட் ஆஃப் இட்" என்றுதான் வரும். இது மட்டும் ஒவ்வொன்றாகப் பழக வேண்டியதுதான். காதில் கேட்டால் ஒரு அடையாளம் உண்டு: பிரிகிற வகையில் வால் அழுத்தமாகக் கேட்கும், "பிக் யூ அப்" மாதிரி. பிரியாத வகையில் பெரும்பாலும் வினைதான் அழுத்தமாக இருக்கும், "லுக் ஆஃப்டர் தெம்" மாதிரி. நைட் ஷிஃப்ட்டில் அமெரிக்கக்காரர்களைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம் இது.

போனில் பேசுகிறவர்கள் இதையும் கவனியுங்கள். "ஐ கேன் பிக் யூ அப்" என்று யாரும் கேனை முழுசாகச் சொல்வதில்லை, அது "ஐ க்ன் பிக் யூ அப்" என்று தேய்ந்துவிடும். கான்ட் என்றால் தேயாது, நின்று நிதானமாக வரும். பிரிட்டிஷ்காரர் "கான்ட்" என்று நீட்டுவதால் பிரச்சினை இல்லை. அமெரிக்கர் "கேன்ட்" என்பார், அந்த ட் தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் மோடல் தெளிவாக, பலமாகக் கேட்டால் பல நேரம் அது மறுப்பு. நம்மவர்கள் கேன் தெளிவாகக் கேட்டது என்று சந்தோஷமாக வண்டியை நிறுத்தி வைத்துவிடுவார்கள். சந்தேகம் என்றால் நேரத்தையும் இடத்தையும் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி:

எங்கள் கொலுசு வியாபாரத்தில் தினமும் வருவது "குட் யூ நாக் சம்திங் ஆஃப்?" விலையில் ஏதாவது குறைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் அகராதியைப் பார்த்துவிட்டு நாக் ஆஃப் என்றால் வேலையை முடித்துவிட்டுக் கிளம்புவது என்று சொன்னான், அதுவும் உண்மைதான், "வீ மைட் நாக் ஆஃப் அர்லி டுடே" என்றால் இன்றைக்குச் சீக்கிரம் கடையைக் கட்டலாம் என்று அர்த்தம். நாக்-ஆஃப் என்று பெயர்ச்சொல்லாகச் சொன்னால் டூப்ளிகேட் சரக்கு. வெள்ளி வியாபாரியிடம் கொஞ்சம் பார்த்துப் பேச வேண்டிய வார்த்தை.

அந்த வுட் பற்றி. ஸ்மைலி போட்டது பிக் அப் யூவுக்காகத்தான் இருக்கும், வுட்டில் தப்பில்லை. இந்தியா முழுக்க மரியாதைக்கு வுட் போடுகிறோம், பேங்க் மெயிலில்கூட அப்படித்தான் வருகிறது. இதற்கெல்லாம் லண்டன்காரனிடம் போய் முத்திரை வாங்க வேண்டியதில்லை.

அம்மாப்பேட்டை_டீச்சர்:

வெள்ளிக்காரரே, உள்ளூருக்குள் அது ஓடும், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தம்பியின் கெஸ்ட் வெளிநாட்டுக்காரராக இருந்தால் "அவர் டிரைவர் வுட் பிக் யூ அப்" என்று படித்ததும் மனதில் "இஃப்" என்று ஒன்று தொக்கி நிற்கும். வருவார், ஆனால்... ஆனால் என்ன? ரயில் லேட்டானால் வர மாட்டாரா, காசு முன்னால் கட்டினால்தான் வருவாரா? ராத்திரி ஜங்ஷனில் இறங்கப்போகிறவருக்கு அந்தச் சந்தேகம் எதற்கு? "அவர் டிரைவர் வில் பிக் யூ அப்" என்றால் கதை முடிந்தது. மரியாதை காட்டக் குட்டும் வுட்டும் கேள்வியில் நன்றாக வேலை செய்யும்: "குட் யூ ஃபில் இன் திஸ் ஃபார்ம்?", "வுட் யூ ஹேங் ஆன் எ மினிட்?" வாக்குறுதி கொடுக்கும் இடத்தில் வில்தான் மரியாதை.

தங்கும் இடம் நடத்துகிறவர்கள் எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய ஜோடி ஒன்று இருக்கிறது. "வீ கேன் புட் யூ அப் ஃபார் த நைட்" என்றால் ராத்திரி உங்களைத் தங்க வைக்க முடியும். "வீ கேன் புட் அப் வித் யூ ஃபார் த நைட்" என்றால் ஒரு ராத்திரி உங்களைச் சகித்துக்கொள்ள முடியும்.

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி:

வில் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், பேங்க் மெயிலை ஒத்துக்கொள்ள மாட்டேன். டீச்சர், இந்த புட் அப் வித்தை எங்கள் பழைய பாக்கி வைத்திருக்கிற பார்ட்டிகளுக்கு அனுப்பலாம்.

ஏற்காடு_டெஸ்க்:

டீச்சர், கடைசியாக ஒன்று, தொல்லைக்கு மன்னிக்கவும். ஓனர் ரூமில் மாட்ட ஒரு அட்டை எழுதி வைத்திருக்கிறார், பிரிண்ட் கொடுப்பதற்கு முன்னால் பார்த்துச் சொல்லுங்கள். "கெஸ்ட்ஸ் மஸ்ட் டு செக் அவுட் பை லெவன். கெஸ்ட்ஸ் மே நாட் பிரிங் இன் அவுட்சைடு ஃபுட். யூ மஸ்ட் நாட் ஹேண்ட் இன் த கீ வென் யூ கோ அவுட். மிஸ்ட் மஸ்ட் செட் இன் ஆஃப்டர் ஃபோர், ஸோ யூ வில் செட் ஆஃப் அர்லி."

சாவியைப் பற்றி அவர் சொல்ல வந்தது, வெளியே போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய அவசியம் இல்லை என்று.

அம்மாப்பேட்டை_டீச்சர்:

நல்லவேளை பிரிண்ட் போடவில்லை. முதல் வரியில் டு வேண்டாம், "கெஸ்ட்ஸ் மஸ்ட் செக் அவுட்" என்றால் இலக்கணம் சரி. ஆனால் காசு கொடுத்துத் தங்குகிறவரைப் பார்த்து மஸ்ட் என்பது விடுதி வார்டன் பேசுகிற மாதிரி இருக்கும். "ப்ளீஸ் செக் அவுட் பை லெவன்" போதும்.

மே நாட் இரண்டு பக்கம் வெட்டும், கொண்டுவர அனுமதி இல்லை என்றும் படிக்கலாம், கெஸ்ட் ஒருவேளை கொண்டுவராமல் இருக்கலாம் என்றும் படிக்கலாம். "ப்ளீஸ் டோன்ட் பிரிங் இன்" என்று எழுதுங்கள். (தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு மலையேறுகிறவர்களை நீங்கள் தடுக்கவே முடியாது என்பது வேறு விஷயம்.)

சாவி வரிதான் ஆபத்து. மஸ்ட் நாட் என்றால் கூடாது. டோன்ட் ஹாவ் டு என்றால் வேண்டியதில்லை. ஓனர் எழுதியிருப்பதன்படி சாவியை ரிசப்ஷனில் கொடுத்தால் குற்றம். "யூ டோன்ட் ஹாவ் டு ஹேண்ட் இன் த கீ வென் யூ கோ அவுட்" என்று மாற்றுங்கள்.

பனி வரியில், மஸ்ட் போட்டால் மூடுபனிக்கு ஓனர் கட்டளை போடுவது போல இருக்கிறது. வரலாம், வராமலும் போகலாம் என்பதால் மே அல்லது மைட்: "மிஸ்ட் மே செட் இன் ஆஃப்டர் ஃபோர்." பேச்சில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, எழுத்தில் மே கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். பின்பாதியில் "யூ வில் செட் ஆஃப்" என்பது உத்தரவு மாதிரி. நல்லெண்ணத்தில் சொல்வதற்கு "யூ மைட் வான்ட் டு செட் ஆஃப் அர்லி" என்று ஒன்று உண்டு, ஆனால் பனியில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கப் போகிறவரிடம் அவ்வளவு குழைய வேண்டாம், "யூ ஷுட் செட் ஆஃப் பிஃபோர் தட்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

ஐந்துரோடு_நைட்ஷிஃப்ட்:

அட்டையில் இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மழையில் அடிவாரம் ரோட்டை மூடினால் குப்பனூர் வழியாக அனுப்புவீர்கள் அல்லவா, அதற்கு "இஃப் த மெயின் ரோட் இஸ் கிளோஸ்ட் ஆஃப், யூ மே ஹாவ் டு கோ டவுன் வயா குப்பனூர்." கீழே போன் நம்பர் போட்டுவிடுங்கள்.

ஏற்காடு_டெஸ்க்:

சேர்த்துவிட்டேன். ஓனர் மஸ்ட்டை எடுக்க மாட்டேன் என்று இன்னும் அடம்பிடிக்கிறார், சாவி வரியை மட்டும் மாற்ற ஒத்துக்கொண்டார். நாளைக்கு சேலம் போகும்போது பிரிண்ட் கொடுக்கிறேன்.